பள்ளியில் பற்சொத்தைக் கணக்கெடுப்பு: எண்ணும் அன்றே சிகிச்சையும்

பல் மருத்துவர் எட்டிப் பார்க்காத பகுதிகளுக்குக் கணக்கெடுக்க மட்டும் குழுக்கள் வந்துபோவதுண்டு. வாயைத் திறக்கச் சொல்வார்கள், எண்ணிக் குறித்துக்கொள்வார்கள், கிளம்பிவிடுவார்கள். வலியோடு வந்த பிள்ளை வலியோடே வீடு திரும்பும். அடுத்த குழுவை அந்த மக்கள் நம்பாததில் வியப்பே இல்லை. ஆகவே மாதிரி எண்ணிக்கைக்கு முன் சிகிச்சைக்கான வழியை முடிவு செய்யுங்கள்.

கிளம்புமுன்

பிள்ளைகளை அனுப்பப்போகும் மருத்துவமனையோடு முதலில் பேசுங்கள். எந்தக் கிழமை, எத்தனை பேர், பிடுங்குவது மட்டுமா அல்லது வேர் சிகிச்சையும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாரத்துக்கு 10 பேரைத்தான் பார்க்க முடியும் என்றால், ஒரே வாரத்தில் 300 பிள்ளைகளைப் பரிசோதிக்காதீர்கள். பரிசோதனையை மாதக்கணக்கில் பரப்புங்கள். போக்குவரத்துச் செலவை யார் தருவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். பரிந்துரைச் சீட்டு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வீணாகிறது.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் கட்டாயம். பரிசோதனைக்கு ஒரு கையெழுத்து, மருந்து பூசுவதற்குத் தனியாக இன்னொன்று. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியர் வழியாக மட்டும் ஒப்புதல் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள். முடிந்தவரை நேரில் கேளுங்கள்.

எத்தனை பேர்

உலக சுகாதார நிறுவனம் வாய்நல ஆய்வுக்குப் பரிந்துரைக்கும் வயதுகளில் 5, 12 இரண்டும் பள்ளிக்குப் பொருந்தும். ஐந்தில் பால் பற்களின் நிலை தெரியும். பன்னிரண்டில் ஞானப்பல் நீங்கலாக நிலைப்பற்கள் ஏறக்குறைய எல்லாம் முளைத்திருக்கும்.

சொத்தை எவ்வளவு என்று எந்த முன் தகவலும் இல்லாதபோது 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதப் பிழை வரம்புக்கு 384 பேர் வேண்டும். ஒரே பள்ளிப் பிள்ளைகளின் வாய்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் அதை இரட்டித்தால் 768. பத்தில் ஒருவர் வராமல் போகலாம் என்று சேர்த்தால் சுமார் 855. இது ஒரு வயதுப் பிரிவுக்கான கணக்கு.

சாலையோரப் பள்ளிகளையே தேர்ந்தெடுப்பது பரவலாக நடக்கும் தவறு. அன்று வராத பிள்ளையை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பல்வலியே விடுப்புக்குக் காரணமாக இருக்கலாம் அல்லவா? ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டாவது நாள் ஒன்று ஒதுக்குங்கள்.

கண்களை ஒத்திசைத்தல்

ஆய்வின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. இரண்டு பரிசோதகர்கள் ஒரே 20 முதல் 25 பிள்ளைகளைத் தனித்தனியே பார்த்து, பல் பல்லாக ஒப்பிட வேண்டும். வெறும் ஒப்புமைச் சதவீதத்தை நம்பாதீர்கள். 100 பற்களில் 95 நல்ல பற்கள் என்றால், எல்லாவற்றையும் ‘நல்லது’ என்று எழுதுபவருக்கும் 95 சதவீத ஒப்புமை கிடைத்துவிடும்! தற்செயல் ஒப்புமையைக் கழிக்கும் கப்பா அளவீட்டில் அதே நபருக்குப் பூஜ்யம்தான். கப்பா 0.8-ஐத் தாண்டும்வரை களத்துக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. களத்திலும் 5 முதல் 10 சதவீதப் பிள்ளைகளை மறுபடி பார்த்துச் சரிபாருங்கள்.

முரண்பாடு பெரும்பாலும் கடைவாய்ப்பல்லின் பழுப்பேறிய பள்ளங்களில் வரும். விதி இதுதான்: ஐயத்துக்கிடமில்லாத குழி, உள்ளே குடைந்துபோன எனாமல் (பல்லின் கெட்டியான மேலுறை), அல்லது தொட்டால் மெத்தென்றிருக்கும் அடிப்பகுதி அல்லது சுவர் இருந்தால்தான் சொத்தை. கறை மட்டுமோ வெண்புள்ளி மட்டுமோ இருந்தால் நல்ல பல். ஐயமென்றாலும் நல்ல பல்லே. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் பல் திட்டுத்திட்டாக வெளுத்தோ பழுப்பாகவோ இருக்கும். அது இருபுறமும் ஒரேபோல் அமைந்து, தொட்டால் கெட்டியாக இருந்தால் சொத்தை அல்ல. கூர்முனைக் கருவியால் குத்திப் பார்க்கவே கூடாது. மெலிந்த எனாமலை அது உடைத்துவிடும். 0.5 மில்லிமீட்டர் உருண்டை முனைப் புரோப் (பல்லைத் தொட்டுப் பார்க்கும் மெல்லிய கருவி) போதும்.

பரிசோதனை நாளில்

ஒரு பரிசோதகருக்கு 30 வாய்க் கண்ணாடி, 30 புரோப் இருந்தால் ஒரு பகுதி கிருமி நீக்கத்தில் இருக்கும்போது மறு பகுதி பயன்படும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். கிருமிநாசினித் திரவத்தில் முக்கியெடுப்பது அதற்கு ஈடாகாது.

பிள்ளையைப் பெஞ்சில் படுக்கவைத்துத் தலைமாட்டில் பரிசோதகர் அமரலாம். எல்லாப் பள்ளியிலும் ஒரே வெள்ளை நெற்றிவிளக்கு. மஞ்சள் ஒளியில் ஈறு வீக்கமும் எனாமல் மாற்றமும் தப்பிவிடும். குறிப்பெழுதுபவர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதட்டும்.

வயது தொடர்பான இரண்டு பிழைகளைக் கவனியுங்கள். 6, 7 வயதில் முன்பல் இல்லையென்றால் அது தானே விழுந்தது. சொத்தையால் போனதாக எழுதாதீர்கள். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் 6 வயதளவில் முளைப்பது நிலைப்பல். ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று வீட்டில் விட்டுவிடுவது இதைத்தான். பெற்றோருக்குக் கண்ணாடியில் காட்டிச் சொல்லுங்கள்.

முகவீக்கத்தோடு காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அன்றே பூச வேண்டியது

வகுப்பறைக்கு ஏற்றவை மூன்று: ஃபுளோரைடு வார்னிஷ், சில்வர் டயமைன் ஃபுளோரைடு, குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட். பின்னிரண்டும் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. மின்சாரமும் துளையிடும் கருவியும் இல்லாத வகுப்பறையிலும் மூன்றையும் பயன்படுத்தலாம். யார் பூசலாம் என்பதை அந்தந்த இடத்துச் சட்டம் சொல்லும்.

5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் சொத்தையைத் தடுக்க. பஞ்சால் ஈரத்தை ஒற்றிவிட்டு, பால் பற்களுக்கு 0.25 மில்லி, பால் பல்லும் நிலைப்பல்லும் கலந்த வாய்க்கு 0.4 மில்லி மெல்லிய படலமாகப் பூசுங்கள். நான்கு மணி நேரம் கடினமானதையும் சூடானதையும் தவிர்க்க வேண்டும். அன்று பல் துலக்க வேண்டாம். 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். பிசின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது.

38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு ஏற்கெனவே விழுந்த குழியை நிறுத்த. சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கருத்துவிடும். முன்பல்லாக இருந்தால் இதுவே சண்டையில் முடியும்; பூசிய பல்லின் படத்தைக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். வெள்ளி ஒவ்வாமை, வாய்ப்புண், இரவில் விழிக்கவைக்கும் வலி, சீழ் இருந்தால் பூசக் கூடாது. சீழ் வைத்த பல்லை இந்த மருந்து காப்பாற்றாது.

உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவுங்கள். குழியில் உள்ள உணவுத் துகளை நீக்கி, பஞ்சுருளை வைத்து நன்கு உலர்த்துங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணாடியும் உலோகமும் வேண்டாம். ஒரு சொட்டு ஐந்து பற்கள்வரை போதும். நுண் தூரிகையைத் தோய்த்து, கிண்ண விளிம்பில் வழித்து, குழியில் ஒரு நிமிடம் தேய்த்து நனையவிடுங்கள். மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றுங்கள். ஈரம் விட்ட பல்லில் மருந்து ஏறாது. தோலில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் போகும், துணியில் பட்டது போகாது. 2 முதல் 4 வாரத்தில் திரும்பப் பாருங்கள்: கருத்துக் கெட்டியாகியிருந்தால் நின்றுவிட்டது, மெத்தென்றிருந்தால் மறுபடி பூசுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை பூசினால்தான் பலன் நிற்கும்.

பற்பசைக் கணக்கு

1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) ஃபுளோரைடு உள்ள பற்பசை. 3 வயதுக்குக் கீழே அரிசி மணியளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணியளவு. துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளித்தால் ஃபுளோரைடு கழுவிப் போய்விடும். பட்டாணியளவு என்பது சுமார் 0.25 கிராம். 200 பள்ளி நாளுக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம், 100 பிள்ளைகளுக்கு 5 கிலோ. வருடத்துக்கானதை முதலிலேயே வாங்கி வையுங்கள். பள்ளித் துலக்கல் திட்டத்தைப் பிள்ளைகளின் சோம்பல் நிறுத்துவதில்லை, பசை தீர்ந்துபோவதே நிறுத்துகிறது.

எண்களை எழுதும்போது

சொத்தை, இழப்பு, அடைப்பு மூன்றையும் கூட்டும் குறியீட்டின் சராசரி மட்டும் போதாது. 30 பிள்ளைகளில் 20 பேருக்கு எதுவுமில்லை, 10 பேருக்குத் தலா 6 பற்கள் என்றால் சராசரி 2. அந்த 10 பேர் அதற்குள் மறைந்துவிடுகிறார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட மூன்றிலொரு பங்கின் சராசரியான 6-ஐயும் சேர்த்து எழுதுங்கள். நரம்பு தெரியும் பல், புண், சீழ்த்துளை, சீழ்க்கட்டி இவற்றை எண்ணும் குறியீடு சிகிச்சை கிடைக்காமல் போனதன் அளவைக் காட்டும். நிதி கேட்கும் மனுவில் அதை முதல் பக்கத்தில் வையுங்கள்.

முடிவுகளைப் பெயரில்லாமல் பள்ளிக்கும் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். பரிந்துரைச் சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு மாதம் கழித்து எண்ணி, போகாதவர்களின் வீட்டுக்குப் போய் என்ன தடுத்தது என்று கேளுங்கள். அடுத்த சுற்றுக்குச் செலவுத் திட்டம் போடும்போது முதல் வரியில் வர வேண்டியது அந்தப் பதில்தான்.