இலை முழங்கால் உயரம், கிழங்கு எலிவால்: முள்ளங்கி விதைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே இலை முழங்கால் உயரத்துக்குத் தழைத்து நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் எலிவால் போல ஒரு வேர். வீட்டில் முதன்முதலாக முள்ளங்கி போட்டவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் விதைத்துவிட்டு, 45ஆம் நாள் ஆசையோடு நான் இழுத்தபோது கையோடு வந்தவை 17 செடிகள். கிழங்கு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அன்றைய சாம்பாருக்கு முள்ளங்கி கடையிலிருந்துதான் வந்தது.

கத்தரியும் மிளகாயும் மாதக்கணக்கில் நின்று காய்ப்பவை. இந்த வாரம் வாடினால் அடுத்த வாரம் தேற்றிக்கொள்ளலாம். முள்ளங்கிக்கு மொத்த ஆயுளே ஆறேழு வாரம். கிழங்கு பருக்காத செடிக்கு 30ஆம் நாளில் உரம் வைத்து மீட்க முடிந்ததாக எனக்கு நினைவில்லை. தப்பு நடந்தது முதல் 15 நாளுக்குள். அது கண்ணுக்குத் தெரிவது அறுவடையில்.

அந்தத் தப்புகளில் பெரியது இரக்கம். முள்ளங்கி விதை கடுகைவிடப் பருமனானது. ஒரு கிராமில் ஏறக்குறைய 100 விதை இருக்கும். அதைக் கீரை விதை தூவுவது போலத் தூவிவிடுகிறோம். மூன்று முதல் ஐந்து நாளில் இதய வடிவில் இரட்டை இலை விட்டு, அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்துவிடும். அந்தப் பசுமையைப் பார்த்த பிறகு ஒன்றைக்கூடப் பிடுங்க மனம் வராது. என் வாளியில் 17 செடிகள் நின்றதற்கு அதுதான் காரணம். “பெற்ற பிள்ளையைக் கிள்ளச் சொன்னது போலப் பதறுகிறாயே, பிடுங்கிக் கூட்டு வை” என்று பெரியம்மா சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்த நாளில் காலம் கடந்திருந்தது.

முள்ளங்கியில் நாம் சாப்பிடும் பகுதி பக்கவாட்டில் பருக்க வேண்டும். பக்கத்துச் செடி இடித்துக்கொண்டு நின்றால் அது பருக்காது. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு இலை மட்டும் மேலே ஓடும். ஆகவே விதையை அரை அங்குல ஆழத்தில், ஓரிரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையில் போடுங்கள். பாத்தியில் வரிசைக்கு வரிசை ஓரடி இருந்தால் நல்லது. முளைத்து ஒரு வாரத்தில், நெருக்கி நிற்கும் நாற்றுகளில் சிலவற்றை எடுத்து, ஒருமுறை கலைத்துவிட வேண்டும். முதல் இரட்டை இலைக்குப் பிறகு வரும் நிஜ இலை இரண்டு மூன்று விட்டதும் மறுபடி கலைத்து, நீள வெள்ளை முள்ளங்கிக்குச் செடிக்குச் செடி நான்கு அங்குலம் விட வேண்டும். சிறிய உருண்டைச் சிவப்பு ரகத்துக்கு இரண்டு அங்குலம் போதும். கலைப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துக்கொண்டால் நாற்று எளிதில் வரும். இரண்டு நாற்றுகள் ஒட்டி நின்றால் இழுக்காதீர்கள். நிற்க வேண்டியதன் வேரும் அசைந்துவிடும். வேண்டாததைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடுவது சிறந்தது. நறுக்கிய தளிர்கள் பாசிப்பருப்போடு வெந்தால் அருமையான கூட்டு.

இரக்கம் இன்னொரு வழியிலும் வரும். பிடுங்கிய நாற்றை வீசாமல் வேறு தொட்டியில் நட்டுவைப்பது. நாற்றுத் தட்டில் வளர்த்துப் பிறகு மாற்றி நடுவதும் இதே கதைதான். தக்காளிக்கு அது சரி. முள்ளங்கியின் ஆணிவேர் முளைத்த சில நாளிலேயே நேராகக் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதன் நுனி ஒடிந்தாலோ மடங்கினாலோ கிழங்கு இரண்டாகக் கிளைக்கும், முறுக்கிக்கொள்ளும். செடி பிழைத்துக்கொள்ளும், கிழங்குதான் கிடைக்காது. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைத்துவிடுங்கள்.

மாற்றி நடாமலேயே கால் முளைத்த முள்ளங்கி வந்தால் மண்ணைச் சந்தேகியுங்கள். ஒருமுறை கொல்லைப் பாத்தியில் எனக்குக் கிடைத்தது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள் போலவே இருந்தது. இரண்டு கால்களுக்கு நடுவே ஓட்டுச்சில்லு ஒன்று சிக்கியிருந்தது. கல், கட்டி, இறுகிய மண் ஆகிய எல்லாமே வேரைத் திருப்பிவிடும். நீள ரகத்துக்குக் குறைந்தது ஓரடி ஆழத்துக்குப் பொலபொலப்பான மண் வேண்டும். மாடியில் என்றால் அதே ஆழமுள்ள பை. ஆறு அங்குலத் தொட்டிதான் இருக்கிறது என்றால் உருண்டை ரகத்தை விதையுங்கள். மட்காத சாணத்தை அள்ளிப் போடுவதும் வினைதான். கிழங்கு கிளைப்பதோடு, வேரைக் கடிக்கும் வண்டுப் புழுவும் அதோடு வந்து சேரும். நன்கு மட்கிய தொழுவுரத்தை விதைப்பதற்கு முன்பே மண்ணோடு கலந்துவிட்டால் போதும். விதைத்த பிறகு வாராவாரம் கடலைப்பிண்ணாக்குக் கரைசல் ஊற்றி உபசரித்தால் தழைச்சத்து ஏறி இலைதான் கொழிக்கும். கீரைக்காக வளர்க்கிறீர்கள் என்றால் தாராளமாக ஊற்றுங்கள். நிழலில் வைத்த தொட்டியிலும் கதை அதுதான். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும்.

அடுத்தது பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மனத்தில் பதிந்துபோனதால், ஆடியில் எல்லா விதையையும் போட்டுவிடுகிறோம். முள்ளங்கி குளிர்ச்சியை விரும்பும் பயிர். ஊட்டியில் வருவது போல அது சமவெளியின் சித்திரை வெயிலில் வராது. ஐப்பசியில் விதைத்தால் வேறு சிக்கல்: வடகிழக்குப் பருவமழையின் ஒரு கனமழை விதையை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும், தேங்கிய நீரில் மிஞ்சியதும் அழுகும். மழை ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை விதைப்பதுதான் எனக்கு ஒத்துவருகிறது. வெயில் காலத்திலும் போட்டே தீருவேன் என்றால் ரகத்தைப் பார்த்து வாங்குங்கள். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா சேட்கி வெப்பம் தாங்கும் வெள்ளை ரகம். அதே கழகத்தின் பூசா ஹிமானி குளிர்ந்த பகுதிகளுக்கானது. பாக்கெட்டில் படம் இரண்டுக்கும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியது போல இருந்தால் அது பூஞ்சாணக்கொல்லி மருந்து. விதைத்ததும் கையைக் கழுவுங்கள்; மிச்சத்தை முளைகட்டிச் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம்.

தண்ணீரில் தவறு அளவில் இல்லை, ஒழுங்கின்மையில் இருக்கிறது. மூன்று நாள் மறந்துவிட்டு நான்காம் நாள் குடம் குடமாகக் கொட்டினால், காய்ந்து இறுகிய தோலுக்குள் சதை திடீரென்று ஊதி, கிழங்கு நெடுக வெடித்துவிடும். மண் காய்வதும் வெயிலும் சேர்ந்தால் காரம் ஏறும். முள்ளங்கி கடுகுக் குடும்பத்துப் பயிர். மூக்கில் ஏறும் அந்தக் காரம் கடுகின் காரத்துக்கு உறவுதான். முளைக்கும் வரை பூவாளியால் தெளித்து, பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் ஊற்றுங்கள். பாத்தியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பினால் பாதி வேலை மிச்சம். கிழங்கின் தோள் வெளியே தெரிந்தால் மண் அணைத்துவிட வேண்டும்.

பூச்சிக்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். இலையில் ஊசித் துளைகள் தெரிந்தாலும் கிழங்கு வந்துவிடும். இலையடியில் அசுவினி மொய்த்தால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் அறுவடையில் கோட்டைவிடுவதுண்டு. இன்னும் பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே பஞ்சு போலச் சக்கை விழும். 40ஆம் நாளில் ஒன்றைப் பிடுங்கி நறுக்கிப் பாருங்கள். சதை கெட்டியாக, நீர் கோத்து இருந்தால் மற்றவற்றுக்கும் நேரம் வந்துவிட்டது. சிவப்பு உருண்டை ரகம் 25, 30 நாளிலேயே தயாராகும். பறித்ததும் இலையைத் திருகி எடுத்துவிடுங்கள். விட்டால் அது கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மறுநாள் கிழங்கு ரப்பர் போல வளையும். முழுப் பாக்கெட்டையும் ஒரே நாளில் விதைத்தவர்கள் ஒரே வாரத்தில் தெருவெல்லாம் முள்ளங்கி பங்கிட வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை விதைத்தால் வீட்டுச் சமையலுக்கு அளவாக வரும்.

கடைசியாக விதை எடுப்பது. மற்றவற்றுக்கு முன்பே தண்டு விட்டுப் பூத்த செடியை, சரி, இதிலிருந்தே விதை எடுப்போம் என்று விட்டுவைப்பார்கள். அவசரமாகப் பூக்கும் குணமே அடுத்த தலைமுறைக்கும் போகும். அதன் பிஞ்சுக் காய்களைப் பறித்துப் பொரியல் செய்துவிடுங்கள். விதைக்கு, நல்ல கிழங்காகப் பொறுக்கி, அடிப்பாதியை வெட்டிச் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு, இலையை நான்கு விரல் அளவுக்குக் கத்தரித்து, மேல்பாதியை மீண்டும் மண்ணில் நடலாம். விதை உற்பத்தியில் இது வழக்கமான முறைதான். ஒன்றே ஒன்றை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். முள்ளங்கிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. தேனீ வேறொரு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். ஐந்தாறாவது நடுங்கள்.