ஜாஸ் ஃப்யூஷன் தனிவாசிப்பில் ஸ்லாப்பும் பாப்பும்

1960களில் அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தம் தாயாரோடு சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாசித்துவந்த காலத்தில், உடன் வாசிக்க டிரம்ஸ் கலைஞர் இல்லாமற்போனபடியால், பேஸ் டிரம்மின் வேலையைக் கட்டைவிரலிடமும் ஸ்நேர் டிரம்மின் வேலையை ஆட்காட்டி விரலிடமும் ஒப்படைத்தார். மின் பேஸ் கிட்டாரில் இன்று நாம் ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியைத் தட்டுவது), பாப் (விரலால் தந்தியை உயர்த்தி விடுவது) என்று சொல்லும் முறை அப்படித்தான் வேர்பிடித்தது. தாளக்கருவியின் இடத்தை நிரப்பப் பிறந்த முறை என்பதால், அதைக் கொண்டு தனிவாசிப்பு வாசிக்கும்போது, தாளம் தானாகவே வந்துவிடுகிறது; மெட்டும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) மாற்றங்களும்தான் காணாமற் போகின்றன. ஸ்டான்லி கிளார்க், மார்க்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் ஆகிய பேஸ் கலைஞர்களின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டால், விரல் வேகத்தை விட இந்தச் சிக்கலை அவர்கள் கையாளும் விதமே கற்கத்தக்கது என்பது புலப்படும்.

முதலில் வலக்கை. கட்டைவிரலை மட்டும் அசைத்துத் தந்தியை அடிக்க முயல்பவருக்குச் சில நிமிடங்களிலேயே கை வலிக்கும். அசைவு முன்கையிலிருந்து, பனையோலை விசிறியை வீசுவது போல மணிக்கட்டின் சுழற்சியாக வர வேண்டும். கட்டைவிரல் மூட்டின் எலும்புப் பக்கம், ஃப்ரெட் பலகை (குறுக்கே ஃப்ரெட் எனும் உலோகக் கோடுகள் பதித்த கழுத்துப் பகுதி) முடியும் இடத்தில், தந்தியைத் தொட்ட கணமே திரும்பி எழ வேண்டும். மார்க்கஸ் மில்லர் ஏறக்குறைய அந்த இடத்திலேயே அடிப்பதைக் காணலாம். அங்கே தந்தி கடைசி ஃப்ரெட்டுகளில் மோதுவதால் அந்த உலோக ஒலி எளிதாகக் கிடைக்கிறது. விக்டர் வூட்டன் வழி வேறு. அவர் கட்டைவிரலைத் தந்தியைத் தாண்டி இறங்கவிட்டு, அடுத்த தந்தியின் மேல் நிறுத்தி, மேலே வரும்போது மீண்டும் அதே தந்தியை மீட்டுகிறார். ஒரே அசைவில் இரண்டு சுரங்கள் கிடைக்கும் இம்முறைக்கு டபுள் தம்ப் என்று பெயர். எழும் முறை கைக்குப் பழகிய பிறகே இதைத் தொடுவது நல்லது. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் இரண்டும் அரைகுறையாகவே நிற்கும்.

பாப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் தந்திக்கு அடியில் நுழைந்து, சற்றே உயர்த்தி, விட்டுவிட வேண்டும். விரலை ஆழமாகக் கொக்கிபோல் மாட்டி இழுத்தால் ஒலி வெடிக்கும், ஆனால் கை தாமதமாகும்.

உண்மையில் ஸ்லாப் வாசிப்பின் தரத்தைத் தீர்மானிப்பது இடக்கை என்றே சொல்வேன். தொடக்க நாட்களில் என் தனிவாசிப்பு ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது, வாசித்த சுரங்களை விட, வாசிக்காத ஈ, ஏ தந்திகளின் (நான்கு தந்திகளில் தடித்த இரண்டின்) முனகலே உரக்கக் கேட்டது. வாசிக்கும்போது அது என் காதில் விழவே இல்லை. ஒரு சுரத்தை அழுத்தும் விரலைத் தவிர மற்ற இடக்கை விரல்கள் எல்லாம் ஏனைய தந்திகளின் மேல், அழுத்தாமல், படர்ந்து கிடக்க வேண்டும். இதற்கான பயிற்சி எளியது: இடக்கையை நான்கு தந்திகளின் மேலும் தளர்வாக வைத்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் ஓடவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் 'தகதிமி' என்று வாயால் சொல்லியபடி, சுருதியற்ற வெறும் தட்டுகளை மட்டும் கட்டைவிரலால் எழுப்புங்கள். கோஸ்ட் நோட் என்று வழங்கும் இந்த மொட்டைத் தட்டுகள் நான்கும் ஒரே அளவில் ஒலிக்கும் வரை சுரங்களுக்குச் செல்ல வேண்டாம்.

இனி கார்டுகள். பலர் ஸ்லாப் என்றதும் அடிச்சுரத்தைக் கட்டைவிரலிலும் அதன் ஆக்டேவை (ஒரு ஸ்தாயி மேலுள்ள அதே சுரத்தை) பாப்பிலும் வாசித்து நிறுத்திக்கொள்கிறார்கள். நடன இசைக்கு அது போதும்; தனிவாசிப்பில் ஆக்டேவ் புதிதாக எதையும் சொல்வதில்லை, ஏனெனில் அடிச்சுரத்தையே அது மறுபடியும் சொல்கிறது. பாப் செய்யும் விரலுக்கு அந்தக் கார்டின் மூன்றாம் சுரத்தையோ ஏழாம் சுரத்தையோ கொடுத்துப் பாருங்கள். ஜாஸில் அன்றாடம் எதிர்ப்படும் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் கார்டுக்கு ஏ தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் டி சுரத்தைக் கட்டைவிரலால் தட்டி, ஜி தந்தியின் அதே 5ஆம் ஃப்ரெட்டில் சி சுரத்தைப் பாப் செய்யுங்கள். அது ஏழாம் சுரம். அடுத்த கார்டுக்கு ஈ தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஜி, ஜி தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டில் பி; அது மூன்றாம் சுரம். கடைசிக் கார்டுக்கு ஏ தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் சி, மேலே அதே பி. இப்போது அது ஏழாம் சுரமாகிவிடுகிறது. கீழே அடிச்சுரங்கள் தாவிக்கொண்டிருக்க, மேலே பாப் விரல் ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் இறங்குகிறது. பியானோ இல்லாமலே கார்டு மாறுவது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

இதற்குத் தாளம் சேர்க்க, 'த' என்ற இடத்தில் அடிச்சுரம், 'க', 'தி' இரண்டிலும் மொட்டைத் தட்டு, 'மி'யில் பாப் என்று வையுங்கள். பாப் அடுத்த அடிக்குச் சற்று முன்னால் விழுவதால் வாசிப்பு முன்னோக்கிச் சாயும். பிறகு ஜி செவன் கார்டில் பி சுரத்தை நேரடியாகத் தொடாமல், 3ஆம் ஃப்ரெட்டில் பாப் செய்து உடனே 4ஆம் ஃப்ரெட்டுக்கு இடக்கை விரலால் தட்டி ஏற்றினால், ப்ளூஸின் சாயல் வந்துவிடும். சி மேஜர் செவனில் பி சுரத்திலிருந்து 9ஆம் ஃப்ரெட்டின் ஈ வரை வழுக்கிச் சென்று நிறுத்தினால், அதுவே ஒரு சொற்றொடரின் முடிவாக அமையும்.

தனிவாசிப்பின் உச்சப் பகுதிக்கு, வூட்டனால் புகழ்பெற்ற மூன்று சுர முறை கைகொடுக்கும்: திறந்த தந்தியில் கட்டைவிரல், அதே தந்தியில் இடக்கை விரலின் தட்டல், மேல் தந்தியில் பாப். ஏ மைனர் செவனில் திறந்த ஏ தந்தி, அதன் 3ஆம் ஃப்ரெட்டில் சி, டி தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் ஜி என்று வாசித்தால் 'தகிட' கிடைக்கிறது. நான்கு தகிடவும், அதன் கடைசியில் ஜி தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டை நடுவிரலால் பாப் செய்து நீட்டிய ஒரு தகதிமியும் சேர்ந்தால் பதினாறு. ஒரு ஆவர்த்தம் சரியாக நிறைவுறும். மேற்கத்திய வாசிப்பாளர்கள் எண்ணி எண்ணித் தடுமாறும் இந்தக் கணக்கு, கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு இயல்பாகவே விழும். மும்பையைச் சேர்ந்த பேஸ் கலைஞர் மோஹினி டே கொன்னக்கோலைச் சொல்லியபடியே வாசிப்பதைக் கேட்டிருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. சாக்ஸஃபோன், டிரம்பெட் கலைஞர்கள் விரும்பும் ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் போன்ற சுருதிகளில் திறந்த தந்திகளின் அடிச்சுரங்கள் பெரும்பாலும் உதவா. அங்கே முதல் சுரத்தை மொட்டைத் தட்டாக மாற்றிக்கொண்டால் தாளம் அப்படியே நிற்கும், சுருதியும் பிசகாது.

கருவியைப் பொறுத்தவரை, 45 முதல் 105 வரையிலான தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) கொண்ட, உருண்டைக் கம்பி சுற்றிய புதிய ரவுண்ட்வவுண்ட் தந்திகளும், ஃப்ரெட்டுகளுக்கு நெருக்கமாக இறக்கப்பட்ட தந்தி உயரமும் போதும். பாப் பெரும்பாலும் கட்டைவிரலை விட உரக்க ஒலிக்கும் என்பதால், ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸரைப் பலர் நாடுகிறார்கள். நான் அதை மிதமாகவே வைப்பேன், ஏனெனில் அதிகம் அழுத்தினால் மொட்டைத் தட்டுகளும் சுரங்களும் ஒரே உயரத்துக்கு வந்து, இடக்கையின் உழைப்பு முழுவதும் கரைந்துவிடும். தனிவாசிப்பின் முதல் எட்டு ஆவர்த்தங்களை விரல்களால் மட்டும் வாசித்து, ஒன்பதாவதில்தான் கட்டைவிரலை இறக்குங்கள். வலக்கையை ஃப்ரெட் பலகையின் பக்கம் நகர்த்துவதற்கு முந்தைய ஆவர்த்தத்தின் கடைசி அடியை வாசிக்காமல் காலியாக விட்டுவிடுங்கள்.