ஸ்லோவாக்கியாவின் கிறித்தவ ஜனநாயகக் கட்சிகளைப் பிரித்தறிவது எப்படி

ஸ்லோவாக்கிய அரசியல் செய்திகளைத் தொடர்ந்து படிக்க முற்படுகிறவரை முதலில் தடுமாற வைப்பவை கட்சிப் பெயர்கள்தாம். பெயரில் 'கிறித்தவ' என்ற சொல்லைத் தாங்கி வந்த கட்சிகள் பல. அச்சொல்லைத் தாங்காமலேயே கத்தோலிக்க வாக்குகளை அள்ளிச் சென்ற கட்சிகளும் உண்டு. 'வலதுசாரி', 'பழமைவாதி' என்று செய்தி நிறுவனங்கள் ஒட்டும் அடையாளச் சீட்டுகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றனவே தவிரக் குறைப்பதில்லை. எனவே இக்கட்சிகளின் ஒரு முடிவையோ தேர்தல் எண்ணையோ எதிர்கொள்ளும்போது அதை எவ்வாறு பிரித்துப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு வழிமுறையை இங்கே தருகிறேன்.

முதலில் அடிமரத்தை அடையாளம் காணுங்கள். கிறித்தவ ஜனநாயக இயக்கம் என்ற பெயரில் 1990 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட கட்சியே அது. செய்திகளில் கேடிஎச் என்று காணப்படும் இதை ஸ்லோவாக்கியர்கள் 'கா-தே-ஹா' என்று எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். அதன் ஆட்களை 'காதெஹாக்' என்பார்கள். கட்சியை நிறுவிய யான் சர்னோகுர்ஸ்கி, கம்யூனிஸ்ட் ஆட்சியில் அதிருப்தியாளர்களுக்காக நின்ற வழக்கறிஞர். 1989 ஆகஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டு, அந்த ஆட்சி சரிந்த நவம்பரில் விடுதலையானவர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சி 19.2 விழுக்காடு பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. 1991 ஏப்ரலில் அவர் ஸ்லோவாக்கியாவின் பிரதமரானார். அந்த 19.2 விழுக்காட்டைக் கட்சி அதன்பிறகு ஒருபோதும் எட்டவில்லை என்பதையும் இங்கேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிமரத்துக்குக் கீழே வேர் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, தலைமறைவுத் திருச்சபையின் மரபு. 1988 மார்ச் 25 அன்று பிராட்டிஸ்லாவாவில் ஆயிரக்கணக்கானோர் கையில் மெழுகுவத்தியுடன் கூடி, சமய உரிமையும் குடியுரிமைகளும் கேட்டு நின்றபோது காவல்துறை தண்ணீரைப் பீய்ச்சிக் கலைத்தது. அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்திய பிரான்டிஷெக் மிக்லோஷ்கோ பின்னாளில் கேடிஎச்சின் முக்கிய முகங்களுள் ஒருவரானார். மற்றொன்று, போருக்கு முந்தைய மக்கள் கட்சி. பாதிரியார் அந்திரேய் ஹ்லின்காவின் பெயரைத் தாங்கிய அக்கட்சிதான், மற்றொரு பாதிரியாரான யோசஃப் திசோவின் தலைமையில் 1939 முதல் 1945 வரை நாஜி ஜெர்மனியின் நிழலில் ஆட்சி நடத்தி, யூதர்களை நாடுகடத்தியது. இன்றைய கட்சியினரை எதிரிகள் 'லுடாக்' (மக்கள் கட்சிக்காரர்) என்று ஏசுவது அந்த நினைவைத் தூண்டுவதற்காகத்தான். அந்த வசவை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது: சர்னோகுர்ஸ்கியின் தந்தை திசோ காலத்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் என்பதும் உண்மை, யூதர்களை நாடுகடத்தியதற்கு மன்னிப்புக் கோரி 1987இல் வெளியான அறிக்கையில் சர்னோகுர்ஸ்கியும் மிக்லோஷ்கோவும் கையெழுத்திட்டிருந்தனர் என்பதும் உண்மை.

அடுத்து, கிளைகளை வரைந்துகொள்ளுங்கள். ஒரு கிளை மட்டுமே தாய்மரத்தைவிட உயரமாக வளர்ந்தது. 1998 தேர்தலில் அப்போதைய பிரதமர் விளாதிமீர் மெச்சியாரை வீழ்த்துவதற்காக ஐந்து எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்தன. கூட்டணியிலுள்ள ஒவ்வொரு கட்சியும் தனித்தனியே ஐந்து விழுக்காடு பெற்றாக வேண்டும் என்று மெச்சியார் அரசு தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன் சட்டத்தைத் திருத்தியதால், அக்கட்சிகள் தங்கள் கூட்டணியையே ஒரே கட்சியாகப் பதிவு செய்துவிட்டன. அதன் தலைவராக முன்னிறுத்தப்பட்ட மிகுலாஷ் ஜுரிந்தா கேடிஎச்சைச் சேர்ந்தவர்தாம். பிரதமரான பின் 2000இல் 'ஸ்லோவாக்கிய ஜனநாயக, கிறித்தவ ஒன்றியம்' என்ற தனிக்கட்சியைத் தொடங்கினார். 2002 தேர்தலில் அதற்கு 15.09 விழுக்காடும் கேடிஎச்சுக்கு 8.25 விழுக்காடும் கிடைத்தன. நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நாடு சேர்ந்ததும், 19 விழுக்காட்டு ஒற்றை வருமான வரி வந்ததும் ஜுரிந்தாவின் காலத்தில்தான். அக்கட்சியின் பெயரிலிருந்த 'கிறித்தவ' என்பது ஐரோப்பிய மக்கள் கட்சி என்ற, ஐரோப்பாவின் மைய-வலதுசாரிக் கட்சிகளின் குடும்பத்துக்கான முகவரியாகத்தான் இருந்தது என்பது என் கருத்து. அதன் உள்ளடக்கம் சந்தைச் சீர்திருத்தம். 2016இல் அது 0.26 விழுக்காட்டில் முடிந்தது.

மற்றக் கிளைகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1992இல் தேசியவாத அணியினர் பிரிந்து போனார்கள். 2008இல் வ்லாதிமீர் பால்கோ, மிக்லோஷ்கோ முதலியோர் கட்சி தளர்ந்துவிட்டதாகக் கருதி, பழமைவாத ஜனநாயகவாதிகள் என்ற கட்சியைத் தொடங்கினர். 2012இல் டேனியல் லிப்ஷிட்ஸ் வெளியேறி 'நோவா' கட்சியை அமைத்தார். நெடுங்காலம் கேடிஎச்சின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அன்னா ஸாபோர்ஸ்கா பின்னர் கிறித்தவ ஒன்றியம் என்ற சிறு கட்சியின் தலைவரானார். இக்கட்சிகளில் எதுவும் தனித்து நின்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததில்லை.

கிளைகள் தெளிவான பிறகு, இந்த வழிமுறையின் மையமான வேலைக்கு வரலாம். ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் போடுங்கள். கிடைக்கோடு, சட்டத்தின் ஆட்சி, மேற்குலகச் சார்பு, ஊழல் எதிர்ப்பு ஆகியவற்றைக் குறிக்கட்டும். செங்குத்துக் கோடு, திருமணம், கருக்கலைப்பு, குடும்பம் ஆகிய ஒழுக்கவியல் கேள்விகளைக் குறிக்கட்டும். முதல் கோட்டில் கேடிஎச், தாராளவாதிகளின் பக்கம் நிற்கிறது. இரண்டாம் கோட்டில் பெரும்பாலும் தன் அரசியல் எதிரியான, ஸ்மெர் கட்சித் தலைவர் ராபர்ட் ஃபிட்சோவின் பக்கம் போய்ச் சேர்கிறது. (தமிழ்ச் செய்திகளில் 'ஃபிகோ' என்று காணப்படுபவரும் இவரே.) எந்தச் செய்தியைப் படித்தாலும், இந்த முறை எந்தக் கோடு பேசப்படுகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

சில நிகழ்வுகளை இத்தாளில் வைத்துப் பார்க்கலாம். மருத்துவர் போன்றோர் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத செயலைச் செய்ய மறுக்கும் உரிமை பற்றி வாடிகனுடன் செய்துகொள்ளவிருந்த உடன்படிக்கையை ஜுரிந்தா முன்னெடுக்க மறுத்ததால், 2006 பிப்ரவரியில் கேடிஎச் ஆட்சியிலிருந்து விலகியது. முன்கூட்டியே தேர்தல் வந்தது. ஃபிட்சோ முதன்முறையாகப் பிரதமரானார். செங்குத்துக் கோட்டுக்காகக் கிடைக்கோட்டுக் கூட்டாளியைக் கைவிட்ட தருணம் அது. 2014இல் ஃபிட்சோவின் ஸ்மெர் கட்சியிடம் 83 இடங்கள் இருந்தன. அரசமைப்பைத் திருத்த 150இல் 90 வேண்டும். கேடிஎச் உறுப்பினர்கள் கைகொடுத்தனர். திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான பிணைப்பு என்ற வாசகம், நீதித்துறை பற்றிய ஃபிட்சோவின் திருத்தங்களோடு சேர்ந்து 102 வாக்குகளுடன் நிறைவேறியது. இருதரப்பும் தத்தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்ட பண்டமாற்று என்றே இதை நான் படிக்கிறேன்.

இனி 2023க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அத்தேர்தலில் 6.82 விழுக்காடும் 12 இடங்களும் பெற்ற கேடிஎச், மிலான் மயெர்ஸ்கியின் தலைமையில், ஃபிட்சோவின் அரசில் சேராமல் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. அதுவோ கிடைக்கோட்டு முடிவு. ஆனால் 2025 செப்டம்பர் 26 அன்று, ஆண், பெண் என்ற இரு பாலினங்களை மட்டுமே அங்கீகரித்து, வாடகைத்தாய் முறையைத் தடைசெய்து, பண்பாடு, ஒழுக்கம் சார்ந்த கேள்விகளில் தேசிய அடையாளத்துக்கு முதன்மை கோரும் அரசமைப்புத் திருத்தம், கேடிஎச் உறுப்பினர்களில் பெரும்பாலோரும் முன்னாள் பிரதமர் இகோர் மாதொவிச்சின் 'ஸ்லோவென்ஸ்கோ' இயக்கத்தின் சிலரும் துணைநின்றதால் மிகச் சரியாக 90 வாக்குகளில் நிறைவேறியது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றும். இரு கோடுகளை வைத்திருப்பவருக்குக் கட்சி 1990 முதல் நடந்துவரும் பாதையாகவே தெரியும்.

அடுத்ததாக, எண்களைப் படிக்கக் கற்க வேண்டும். நாடு முழுவதும் ஒரே தொகுதி. தனிக்கட்சிக்கு 5 விழுக்காடு, இரண்டு அல்லது மூன்று கட்சிகளின் கூட்டணிக்கு 7 விழுக்காடு என்பது நுழைவு வரம்பு. கேடிஎச் 2002 முதல் 2012 வரை நான்கு தேர்தல்களில் 8.25க்கும் 8.82க்கும் இடையிலேயே நின்றது. பிறகு 2016இல் 4.94 விழுக்காட்டோடு முதல்முறையாக வெளியே விழுந்தது. குறைந்தவை சுமார் 1,500 வாக்குகளே. 2020இல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. கட்சிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பைவிட ஏறத்தாழ 5,000 வாக்குகள் கூடுதலாகவே விழுந்தன. ஆனால் வாக்களித்தோர் தொகை பெருகியதால் பங்கு 4.65 விழுக்காடாக இறங்கிற்று. உறுதியான ஆனால் சிறிய ஆதரவாளர் கூட்டத்தைக் கொண்ட கட்சிக்கு வாக்குப்பதிவு உயர்வதே ஆபத்தாகலாம். அதே தேர்தலில் இகோர் மாதொவிச்சின் 'சாதாரண மக்கள்' இயக்கம் (பின்னாளைய 'ஸ்லோவென்ஸ்கோ'), கிறித்தவ ஒன்றியத்தினரையும் தன் பட்டியலில் ஏற்றிக்கொண்டு 25.02 விழுக்காடு பெற்றது. கேடிஎச்சுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாக்குகளில் ஒரு பகுதி எங்கே போயிற்று என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கை வைத்து வாக்கைக் கணிக்கும் தவறையும் தவிர்க்க வேண்டும். 2011இல் 62 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கர் 2021இல் சுமார் 56 விழுக்காடு. அப்படியிருந்தும் கேடிஎச்சுக்குக் கிடைப்பது பதினைந்தில் ஒரு பங்குதான். தெற்கிலுள்ள கொமார்னோ, துனாய்ஸ்கா ஸ்த்ரெதா பகுதிகளில் கத்தோலிக்கர் நிறைய இருந்தாலும் அவர்கள் ஹங்கேரிய மொழியினர்; பேலா புகார் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய ஹங்கேரிய கிறித்தவ ஜனநாயக இயக்கம், 1998இல் ஹங்கேரியர் கூட்டணிக் கட்சியில் கரைந்துவிட்டது. அங்கே மொழி மதத்தை முந்துகிறது. கேடிஎச்சின் வலு, கிழக்கே பிரெஷோவ் மண்டலத்திலும் வடக்கே ஒராவாவிலும் உள்ள ஸ்லோவாக் மொழிபேசும் சிற்றூர்களில்தான்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2027இல் வரவேண்டும். அந்த இரவில் ஸ்லோவாக்கியப் புள்ளியியல் அலுவலகத்தின் முடிவுப் பக்கத்தைத் திறப்பவர், நாடு தழுவிய விழுக்காட்டுக்கு முன் வாக்குப்பதிவு அளவைப் பார்க்கவும். பிறகு பிரெஷோவ் மண்டலத்தைப் பார்க்கவும். கடைசியாக, விருப்ப வாக்குகளின் பட்டியலுக்கு வரவும். ஒவ்வொரு வாக்காளரும் தாம் தேர்ந்த கட்சியின் பட்டியலில் நான்கு பேர் வரை வட்டமிடலாம். கட்சியின் வாக்குகளில் 3 விழுக்காட்டைத் தாண்டியவர் பட்டியலில் மேலே ஏறிவிடுவார். கட்சித் தலைமை பின்னால் நிறுத்திய ஒருவரை ஆதரவாளர்கள் முன்னுக்குத் தள்ளியிருந்தால், அவர் இரண்டு கோடுகளில் எதன் ஆள் என்று பாருங்கள்.