அறுப்புக் காலத்தில் குமரியில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஓணத்தை ஒட்டியோ மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கோ வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் நேராக அறுப்புக்குள் வந்து இறங்குகிறார்கள். நெல்லுக்கு இங்கே இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: முதலாவது கன்னிப்பூ அறுப்பு, அடுத்தது கும்பப்பூ. தேரூர், தாழக்குடி, பூதப்பாண்டி, தெரிசனங்கோப்பு பக்கம் அந்த வாரங்களில் டிராக்டரும் டயர் வைத்த அறுப்பு மெஷினும் ரோட்டில்தான் கிடக்கும். இதுக்கெல்லாம் வேற வழியே கிடையாதா என்று ஹாரனை அழுத்துகிறோம். வழி இருந்தது. ஏலாவுக்குள் (வயல்வெளிக்குள்) போன வண்டித்தடங்கள் பிளாட்டாகிவிட்டன. அங்கே எழுந்த வீடுகளில் பல வெளிநாட்டுச் சம்பளத்தில் கட்டியவை. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போக உழவுக்காரருக்குத் தார் ரோடுதான் மிச்சம்.

டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 60-ல் வரும் கார் 100 மீட்டர் இடைவெளியை 9 நொடியில் தின்றுவிடும். சானல்கரை (பாசனக் கால்வாய்க் கரை) ரோட்டு வளைவுகளில் 100 மீட்டர் பார்வை கிடைப்பதே அரிது, அங்கே 30-ஐத் தாண்டாதீர்கள். நேர் ரோட்டில் 40-ல் போய் டிராக்டரை முந்த 6 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் 65 மீட்டர் ஓடியிருப்பீர்கள், எதிரே 50-ல் வரும் பஸ் 80 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். 150 மீட்டர் காலியாகத் தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள். வளைகுடாவில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் சில நாள் இடப்பக்கச் சக்கரம் எங்கே ஓடுகிறது என்பது பிடிபடாது. சானல்கரையில் தாருக்கு அப்பால் நேரே மண்சரிவு.

வலப்பக்கம் வயலுக்குள் இறங்க வேண்டிய டிராக்டர் முதலில் இடப்பக்கம் ஒதுங்கும். டிரெய்லரோடு திரும்ப அந்த இடம் வேண்டும். வழிவிடுகிறார் என்று நினைத்து நீங்கள் ஏறினால் டிராக்டரின் முன்சக்கரம் உங்கள் கதவில் வந்து மோதும். முந்தும் முன் வலப்பக்கம் வயல் இறக்கமோ சிறு பாலமோ இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சத்தத்தில் ஹாரன் கேட்காது, வைக்கோல் பாரம் கண்ணாடியை மறைத்திருக்கும். ஓட்டுகிறவர் திரும்பி உங்களைப் பார்த்த பிறகே நகருங்கள். டிராக்டருக்கு இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி உண்டு. ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். வயலிலிருந்து ஏறிய அவசரத்தில் மறந்திருந்தால், பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். கிட்டப் போகாதீர்கள். இரவில் பின்விளக்கு இல்லாத டிரெய்லர்கள் உண்டு, ரிஃப்ளெக்டர் இருந்தாலும் வைக்கோலுக்குள் மறைந்திருக்கும். காயப்போட்ட வைக்கோல் மேல் காரை நிறுத்த வேண்டாம், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

இனி, எல்லாவற்றையும் விடப் பெரிய வினை. "வண்டி சும்மாத்தானே கெடக்கு, எடுத்துட்டுப் போங்க அத்தான்" என்று மச்சினன் தன் காரைக் கொடுப்பார். சாவியை வாங்கும் முன் உங்கள் லைசென்ஸைப் பாருங்கள். இந்திய லைசென்ஸ் காலாவதியான பின் இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. ஓராண்டு தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அந்த நாட்டிலேயே வாங்கி, மூல லைசென்ஸோடு சேர்த்து வைத்திருங்கள். செல்லாத லைசென்ஸில் இடித்தால் கார்ச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும். காயம்பட்டவருக்குக் கொடுக்க வேண்டி வந்தாலும், அந்தத் தொகையைப் பிறகு கார் உரிமையாளரிடமே வசூலிக்கும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், கடன் மச்சினன் தலையில்.

இடித்துவிட்டால் முதலில் 108. வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: டயர் தடம், ரோட்டுச் சேறு, பின்விளக்கு, டிராக்டர் நம்பர், டிரெய்லர் நம்பர். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதை விட்டுவிட்டால் பின்னால் அலைய வேண்டியிருக்கும். 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பதிந்ததற்கான) ரசீது, வழக்கானால் எஃப்.ஐ.ஆர். நகல், இரண்டையும் கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகுதான் கார் வெளியே வரும். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டியிருக்கும். அவரும் வெளிநாட்டில் இருந்தால் உங்கள் விடுமுறை அங்கேயே கரைந்துவிடும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் கை வைக்க விடாதீர்கள்.

"ஸ்டேஷனெல்லாம் எதுக்கு, நாலு பேரா பேசி முடிச்சிருவோம்" என்று சித்தப்பாமார் வருவார்கள். தகரம் நசுங்கியதோடு போனது என்றால் சரி. டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்த கூலிக்காரருக்குக் கால் முறிந்திருந்தால் ஒருக்காலும் சம்மதிக்காதீர்கள். வழக்குப் பதிவு இல்லாமல் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர் இழப்பீடு வாங்குவது பெரும்பாடு, மனுவுக்குச் சட்டம் தரும் கெடுவும் 6 மாதம்தான். கையில் திணிக்கும் ஐயாயிரம் அவருடைய ஒரு பூ வேலைக்கு ஈடாகாது.

உங்கள் மேல் வழக்கு பதிவானால், திரும்பும் தேதியை வக்கீலிடம் சொல்லி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சம்மன் ஊர் விலாசத்துக்குத்தான் போகும். வீட்டிலிருக்கும் அம்மா அதை ஏதோ பேங்க் தபால் என்று எடுத்து வைத்துவிட்டால் அடுத்து வருவது பிடிவாரண்ட். வக்கீல் நம்பரை அவரிடமும் எழுதிக் கொடுங்கள்.