முதலில் மழைமானியைத் திறந்து பாருங்கள்

நீர், பருவநிலை ஆய்வுக்கு வர விரும்பும் இளம் பொறியாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைப் படிக்க வேண்டும் என்பதைத்தான். பைத்தான் (Python), ஆர் (R) என்ற நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்று போதும்; எழுத எழுதக் கை பழகிவிடும். அதற்கு முன் ஒரு மழைமானியைத் திறந்து பாருங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிலையத்தின் பதிவில் இரண்டு நாள் விடாத தூறலைக் கண்டு, அதற்கு வானிலை விளக்கம்கூட எழுதிவிட்டேன். பிறகுதான் நேரில் போனேன். புனலின் வாயை ஓர் இலை அடைத்திருந்தது. சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை அதன்மேல் தேங்கி, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் சிறு வாளி 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் கவிழும். அதற்கு எண்ண மட்டுமே தெரியும். மழை எப்போது பெய்தது என்று தெரியாது. கவிழும் இடைவெளி சீராக நீண்டுகொண்டே போனால் சந்தேகப்படுங்கள். மழை அவ்வளவு ஒழுக்கமாகப் பெய்வதில்லை.

அடுத்து, ஆற்றில் இறங்குங்கள். உயிர்காப்பு அங்கியும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது. ஆற்றின் குறுக்குவெட்டை இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளாகப் பிரியுங்கள். முக்கால் மீட்டருக்குள் ஆழம் என்றால், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வேகத்தை ஒருமுறை அளந்தால் போதும். அதற்கு மேல் என்றால் 0.2, 0.8 பங்குகளில் அளந்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் வேகத்தைப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பது கிடைக்கும். வெவ்வேறு நீர்மட்டங்களில் இப்படி அளந்த பிறகே, மட்டத்தை ஓட்டமாக மாற்றும் வளைகோட்டை வரைய முடியும். பெருவெள்ளத்தில் பெரும்பாலும் யாராலும் அளக்க முடிவதில்லை; அந்தக் கோட்டை நீட்டித்தான் எண்ணை எழுதுகிறார்கள். பாலத்தின் உயரத்தை முடிவு செய்வதும் அந்த எண்தான்.

பருவநிலைக் கணக்குக்கு இதற்குப் பிறகு வாருங்கள். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7% கூடுதல் நீராவியைக் கொள்ளும். அதற்காக வெள்ளமும் 7% கூடும் என்று எழுதிவிடாதீர்கள். மண் ஏற்கெனவே நனைந்திருந்ததா, மேலே அணை இருக்கிறதா என்று பாருங்கள். பத்து ஆண்டுத் தரவை வைத்துப் போக்கு சொல்லவும் அவசரப்படாதீர்கள்; வானிலைச் சராசரிக்கே 30 ஆண்டு கேட்கிறார்கள்.

நேர்காணலில் நான் சான்றிதழ்களை அதிகம் புரட்டுவதில்லை. களக் குறிப்பேட்டைக் கேட்பேன். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும். தவறாக எழுதிய எண்ணை அழிக்காமல், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்த எண்ணையும் நான் படிப்பேன்.