ஏஜென்சி தந்த ரிக்கெற் தாளை வாசிப்பது எப்படி?

கஸ்தூரியார் வீதியிலோ சுன்னாகத்திலோ ஒரு ஏஜென்சியில் காசு கட்டினால் கையில் ஒரு தாள் வரும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். பெயர் சரியா, திகதி சரியா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். மற்ற எழுத்தும் இலக்கமும் ஏஜென்சிக்காரருக்கு உரியவை என்று ஒரு நினைப்பு. உண்மையில் ரிக்கெற் வெட்டியாயிற்றா, அதாவது வழங்கியாயிற்றா, அதை வெட்டியது யார் என்பதெல்லாம் அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மூன்றெழுத்து – எந்த விமான நிலையம்?

பலாலிக்கு ஜே.ஏ.எஃப், கட்டுநாயக்காவுக்கு சி.எம்.பி, சென்னைக்கு எம்.ஏ.ஏ, திருச்சிக்கு ரி.ஆர்.இசட், ரொறன்ரோ பியர்சனுக்கு வை.வை.இசட். இவற்றை வழங்குவது ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம். 1945இல் ஹவானாவில் தொடங்கியது, தலைமையகம் மொன்றியலில்.

இங்கே கவனிக்க வேண்டியது, விமானம் மாறி ஏறும் இடம். ஒரு நகரத்துக்குப் பல விமான நிலையங்கள் இருக்கலாம். லண்டனில் எல்.எச்.ஆர் என்றால் ஹீத்ரோ, எல்.ஜி.டபிள்யூ என்றால் கட்விக். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியிருந்தால் குடிவரவைத் தாண்டி வெளியே போக வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். மலிவு என்று வாங்கும் ரிக்கெற்றில் இதை முதலில் பாருங்கள்.

வி.சி.சி.ஜே என்று பலாலிக்கு நாலெழுத்துக் குறியீடும் உண்டு. அது விமானிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும். உங்களுக்குத் தேவையில்லை.

படி 2: ஈரெழுத்து – எந்த எயர்லைன்?

யு.எல் ஸ்ரீலங்கன், ஈ.கே எமிரேட்ஸ், கியூ.ஆர் கட்டார், 6ஈ இண்டிகோ. அதன் பின்னால் வருவது பறப்பு இலக்கம். சில நேரம் ஒரு நிறுவனத்தின் குறியீட்டில் விற்றுவிட்டு இன்னொரு நிறுவனம் பறக்கும். தாளில் சின்ன எழுத்தில் ‘இயக்குவது இன்னார்’ என்று இருக்கும். பொதுவாக செக்-இன் செய்யப் போக வேண்டியது பறக்கிற நிறுவனத்தின் கவுண்டருக்குத்தான்.

படி 3: வரியை முழுதாக வாசிப்பது

ஒரு வரி இப்படி இருக்கலாம்: யு.எல் 503, வை, சி.எம்.பி எல்.எச்.ஆர், எச்.கே 1. அதாவது ஸ்ரீலங்கன் 503, கொழும்பிலிருந்து ஹீத்ரோ, ஒரு ஆசனம் உறுதி. எச்.கே என்றால் உறுதி. எச்.எல் என்றால் காத்திருப்புப் பட்டியல், அதை நம்பிச் சூட்கேஸ் கட்ட வேண்டாம். நடுவில் நிற்கும் ‘வை’ கட்டண வகுப்பு. ஒரே எக்கொனமி ஆசனத்துக்குப் பல எழுத்துகள் உண்டு; திகதி மாற்ற எவ்வளவு, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் அந்த எழுத்தோடு வரும் கட்டண விதியில் இருக்கும். காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம்.

படி 4: பி.என்.ஆர் வேறு, ரிக்கெற் வேறு

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். பி.என்.ஆர் என்பது ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த பதிவு எண். எச்.கே என்று இருந்தாலும் அது ஆசனத்தைப் பிடித்து வைத்ததற்கு மட்டுமே சாட்சி. முற்பணம் கட்டாமல் கல்யாண மண்டபத்துக்குத் திகதி சொல்லி வைப்பது மாதிரி. குறித்த நேரத்துக்குள் ரிக்கெற் வெட்டாவிட்டால் எயர்லைன் அதைத் தானாகவே அழித்துவிடும்.

நீங்கள் தேட வேண்டியது 13 இலக்கமுள்ள இ-ரிக்கெற் எண். முதல் மூன்று இலக்கம் எயர்லைனைக் காட்டும்: 603 என்றால் ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ், 157 கட்டார். அந்த எண் இல்லாத தாள் வெறும் பயண விபரம்தான். விசாவுக்குக் காட்ட அது சிலவேளை போதும், விமானம் ஏறப் போதாது.

எண் இருந்தாலும் அத்தோடு நிற்காதீர்கள். வெட்டிய ரிக்கெற்றைப் பிறகு ரத்துச் செய்யவும் முடியும். எயர்லைனின் சொந்த இணையத்தளத்தில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். அமடியஸ், கலிலியோ போன்ற முன்பதிவு முறைமைகள் தரும் எண்ணும் எயர்லைனின் எண்ணும் வேறாக இருக்கலாம். ‘எயர்லைன் பி.என்.ஆர் என்ன?’ என்று ஏஜென்சியிடம் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு: இண்டிகோ போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களிடம் நேரே வாங்கினால் பெரும்பாலும் பி.என்.ஆர் மட்டும்தான் வரும். பலாலி–சென்னைப் பயணத்தில் 13 இலக்கத்தைத் தேடிக் களைக்காமல், அவர்கள் தளத்தில் பயணம் உறுதி என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

படி 5: வெட்டியது யார்?

தாளில் ஐயாட்டா எண் என்று எட்டு இலக்கம் இருந்தால் அது ரிக்கெற் வெட்டிய முகவருடையது. முதல் ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்தால் வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். 1234567 என்று வைத்தால் மீதி 5. எழுத்துப் பிழையைப் பிடிக்க இது உதவும். மோசடிக்காரருக்கும் கணக்குத் தெரியும் என்பதால் அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஐயாட்டாவின் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் விற்றதற்கான கணக்கை பி.எஸ்.பி என்ற பொது முறை வழியாகத் தீர்க்கிறார்கள். ஒவ்வொரு எயர்லைனுக்கும் தனித்தனியே காசு அனுப்பாமல் ஒரே இடத்தில் கட்ட, அங்கிருந்து பிரிந்து போகும். கட்டத் தவறினால் ரிக்கெற் வெட்டும் உரிமை பறிபோகலாம். அங்கீகாரத்திலும் வகை உண்டு: கோலைட் முகவர் கடனுக்கு ரிக்கெற் வெட்ட முடியாது, கோஸ்ராண்டர்ட் முகவருக்கு முடியும். டிட்ஸ் என்ற எண்ணும் ஐயாட்டா தருவதுதான், ஆனால் அது அடையாள எண் மட்டும். அதை வைத்து ரிக்கெற் வெட்ட முடியாது. ஆகவே வாசலில் ஒட்டிய ஐயாட்டா சின்னத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நெல்லியடியில் இருக்கும் சின்னக் கடைக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். அவர் கொழும்பிலோ யாழ்ப்பாண நகரிலோ ஒரு பெரிய முகவரிடம் வெட்டுவித்துத் தருவார். இது வழமையான வியாபாரம், ஏமாற்று அல்ல. என் கணக்கில், தெரிந்த சின்னக் கடைக்காரர் தெரியாத பெரிய கடையைவிட மேல். ஆனால் காசு திரும்பும்போது எயர்லைனிலிருந்து பெரிய முகவருக்கு, அவரிடமிருந்து இவருக்கு, பிறகு உங்களுக்கு என்று அதே பாதையில்தான் வரும். நாளாகும்.

படி 6: உள்நாட்டு உரிமம்

ஐயாட்டா அரசாங்கம் அல்ல. இலங்கையில் ரிக்கெற் விற்கும் முகவருக்கு உரிமம் கொடுப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. காட்டச் சொல்லிக் கேளுங்கள், குறை நினைக்க மாட்டார்கள். வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான உரிமம் முற்றிலும் வேறு, அதைத் தருவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். ரிக்கெற் வெட்டுகிற ஒருவர் ‘கட்டாரில் வேலையும் எடுத்துத் தாறன்’ என்றால், அந்த இரண்டாவது உரிம எண்ணைக் கேட்டுப் பணியகத்தில் சரிபார்த்த பிறகுதான் பாஸ்போட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.