பெரிய ஆர்சி விமானத்துக்குச் சர்வோ தேர்ந்தெடுப்பது எப்படி

ரிமோட்டில் பறக்கும் (ஆர்சி) விமானத்தின் அசையும் பலகைகளைத் திருப்பும் சிறு மோட்டார்தான் சர்வோ. பெட்டியில் '20 கிலோ' என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் பெரிய விமானத்துக்குச் சர்வோ வாங்காதீர்கள். அச்சிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி 20 கிலோ சுமை ஏற்றினால் சர்வோ அதற்கு மேல் நகர முடியாமல் நின்றுவிடும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அதுவும் பெரும்பாலும் அந்தச் சர்வோ தாங்கும் உச்ச வோல்ட்டில் அளந்தது. பறக்கும்போது அதில் பாதியை நம்பலாம், மீதியைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே முதல் வேலை கணக்கு. இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான இறக்கை, 35 சிசி பெட்ரோல் எஞ்சின், ஆறரைக் கிலோ எடை உள்ள ஓர் ஏரோபாட்டிக் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் திரும்பும் பலகையான எய்லிரான் ஒன்று 65 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், உச்சத் திருப்பம் 30 டிகிரி. வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எழுதி, வேகத்தின் வர்க்கம், அகலத்தின் வர்க்கம், நீளம், திருப்பக் கோணத்தின் சைன் ஆகிய நான்கையும் பெருக்குங்கள். வருவதை மூன்றால் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால், எய்லிரான் கீலில் விழும் முறுக்குவிசை கிலோ-செ.மீ. கணக்கில் கிடைக்கும். விநாடிக்கு 30 மீட்டரில், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தில், இது ஏறத்தாழ 9. மூக்கைக் கீழே சாய்த்து வேகம் 40 மீட்டரைத் தொட்டால் கிட்டத்தட்ட 16. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கே சுமை முக்கால் பங்கு கூடிவிட்டது. கணக்கை எப்போதும் டைவ் வேகத்துக்குப் போடச் சொல்வது இதனால்தான்.

இந்த 16 முழுவதும் சர்வோவின் தலையில் விழுமா என்பதை சர்வோ அச்சில் மாட்டும் கை (ஆர்ம்), எய்லிரானில் பொருத்தும் கொம்பு (ஹார்ன்) ஆகியவற்றின் நீளங்கள் முடிவு செய்கின்றன. சர்வோ ஆர்ம் 25 மி.மீ., எய்லிரான் ஹார்ன் 35 மி.மீ. என்று வையுங்கள். எய்லிரான் 30 டிகிரி திரும்ப சர்வோ 45 டிகிரி சுற்றும். சர்வோவுக்கு வரும் சுமை 9 கிலோ-செ.மீ.தான். அதே ஆர்முக்கு ஹார்னை 17 மி.மீ. ஆகக் குறைத்தால் சர்வோ 20 டிகிரி சுற்றினாலே எய்லிரான் 30 டிகிரி போய்விடும். ஆனால் சர்வோவின் மேல் விழுவது 25 கிலோ-செ.மீ. ஒரே விமானம், ஒரே வேகம். ஒரு பொருத்தத்தில் 20 கிலோ சர்வோ பாதி பலத்தோடு நிம்மதியாக இருக்கிறது, இன்னொன்றில் நடுவானில் தோற்றுப்போகிறது.

பலர் செய்யும் தவறு இந்த இடத்தில்தான். ஆர்ம் நீளமாகப் போட்டு, திருப்பம் அதிகமாகத் தெரிந்ததும் டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ சுற்றும் எல்லையை) 50 சதவீதத்துக்கு இறக்கிவிடுவார்கள். எய்லிரான் அளவாகத் திரும்பும், சர்வோவின் பலமும் நுண்மையும் வீணாகும், பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள ஆட்டமும் எய்லிரான் விளிம்பில் பெரிதாகத் தெரியும். ஃப்ளட்டர், அதாவது எய்லிரான் காற்றில் படபடவென அதிர்வது, வர அந்த ஆட்டமே போதும். சர்வோ தன் முழு வீச்சையும் சுற்றும்படி நீளங்களை முதலில் சரிசெய்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரைக் கடைசித் திருத்தத்துக்கு மட்டும் தொடுங்கள்.

ஆக, இந்த விமானத்தின் எய்லிரானுக்கும், வாலில் மேலும் கீழும் திரும்பும் எலிவேட்டருக்கும் சரியான ஆர்மோடு 20 கிலோ-செ.மீ., வாலில் இடம் வலமாகத் திரும்பும் ரட்டருக்கு 25 அல்லது அதற்கு மேல். எலிவேட்டரின் இரு பாதிகளுக்கும் தனித்தனிச் சர்வோ வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றொன்றை வைத்து இறக்கிவிடலாம். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்கு 4, 5 கிலோ தரும் சாதாரணச் சர்வோ தாராளம். மற்றச் சர்வோக்களின் வேகம் 60 டிகிரிக்கு 0.15 விநாடிக்குள் இருந்தால் போதும், 0.08க்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசு பற்சக்கரத்துக்குப் போகட்டும். எஃகு அல்லது டைட்டானியம் பல், வெளி அச்சுக்கு இரண்டு பால் பேரிங், அலுமினிய உறை. நைலான் பல் பெட்ரோல் எஞ்சின் அதிர்வுக்கு நிற்காது. ஆர்மின் பல் எண்ணிக்கையையும் பாருங்கள்: ஃபுட்டாபா நிறுவனத்துக்கு 25, ஜேஆர் நிறுவனத்துக்கு 23. மாற்றி அழுத்தினால் பல் வழுக்கும்.

சிங்கப்பூரில் சர்வோவின் எடையைக் கவனிக்க ஒரு தனிக் காரணமும் உண்டு. மொத்த எடை 7 கிலோவைத் தாண்டினால், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டாலும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் ஆபரேட்டர் பெர்மிட்டும் ஆக்டிவிட்டி பெர்மிட்டும் வாங்க வேண்டும். 75 கிராம் சர்வோவுக்குப் பதில் 55 கிராமில் அதே பலம் கிடைத்தால் ஐந்து சர்வோவில் 100 கிராம் மிச்சம். வாலில் உள்ளவற்றில் குறைத்தால், மூக்கில் சேர்க்கும் ஈயமும் குறையும். எரிபொருள் ஊற்றி நிறுத்துப் பார்த்த பிறகே 7 கிலோவுக்குள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மின்சாரம் அடுத்தது. இந்த அளவுச் சர்வோ ஒன்று திணறும்போது 3, 4 ஆம்பியர் இழுக்கும். இறக்கைக்குப் போகும் வயர் ஒரு மீட்டர், போக வர இரண்டு மீட்டர். மெல்லிய 26 கேஜ் வயரில் 3 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைகிறது, தடித்த 22 கேஜில் 0.3தான். பேட்டரி 6.6 வோல்ட் லைஃப் (லித்தியம் இரும்பு வகை) என்றால் மெல்லிய வயர் சர்வோவை 5.8க்கு இறக்கிவிடும், பலமும் கூடவே இறங்கும். 22 கேஜ் வயரை சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் வாங்கி பிளக்கின் உலோகப் பின்னை நீங்களே அழுத்திக்கொள்ளலாம். ஹெச்வி (உயர் வோல்ட்) என்று எழுதாத சர்வோவுக்கு இரண்டு செல் லிப்போவை நேரே கொடுக்காதீர்கள், முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் ஏறிச் சுட்டுவிடும். ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு ஸ்விட்ச், இரண்டு தனி வயர்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைத்திருப்பவர்கள் மின்தூக்கிக்கும் காருக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்றியாக வேண்டும். இறக்கை வயரின் பிளக் தேய்வது அங்கேதான். டேப் சுற்றினால் இந்த ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பசை இளகிவிடும். பிளாஸ்டிக் லாக் கிளிப் போடுங்கள். கடலோரம் பறக்கவிட்டால் பிளக்கின் உலோகப் பின் கறுத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சர்வோவைப் பொருத்தும்போது, அதன் காதுகளிலுள்ள ரப்பருக்குள் செருகும் பித்தளைக் குழலின் அகன்ற விளிம்பு மரத்தைத் தொட வேண்டும்; தலைகீழாகப் போட்டால் அது ரப்பரை அறுத்துக்கொண்டு மரத்துக்குள் இறங்கும். திருகை ஒருமுறை முறுக்கிக் கழற்றி, துளையில் மெல்லிய சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டுக் காய்ந்தபின் மறுபடி முறுக்குங்கள். உலோக அச்சில் ஆர்ம் திருகுக்கு நீல நிறத் திரெட் லாக் போடுங்கள்.

கடைசிச் சோதனைக்கு, ஊருக்குப் பெட்டி கட்டுபவர்கள் சிராங்கூன் சாலையில் வாங்கும் தொங்கும் பெட்டித் தராசு போதும். சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து எய்லிரானை முழுதும் மேலே தூக்குங்கள். ஹார்னுக்கு நேரே, பின்விளிம்பில் அகலமான துணிநாடா போட்டுத் தராசை மாட்டி, எய்லிரான் நடுநிலைக்குத் திரும்பும் திசையில் 1.6 கிலோ வரை இழுங்கள். 40 மீட்டர் வேகத்தில் காற்று தரும் அழுத்தம் ஏறத்தாழ அதுதான். ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். எய்லிரான் சில மி.மீ.க்கு மேல் இறங்கினால் எது வளைகிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் சர்வோ அசையாது. ஆர்ம் முறுகும், தள்ளுகம்பி வில்லாக வளையும், அல்லது சர்வோ உட்கார்ந்திருக்கும் மூடிப் பலகை உப்பும். பலகைதான் என்றால் 3 மி.மீ. பிளைவுட் ஒட்டி வலுப்படுத்திவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் சில பறப்புகளுக்குப் பின், இறங்கிய உடனே ஒவ்வொரு சர்வோவையும் தொட்டுப் பாருங்கள். இடது எய்லிரான் சர்வோ மட்டும் சுடுகிறது என்றால், கம்பி எங்கோ உரசுகிறது, அல்லது கீல் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த டேங்க் எரிபொருள் ஊற்றாதீர்கள்.